ஒரே வெட்டில் போன இரண்டு கம்பிகள்

அனுப்புநர்:
தையற்காரம்மாவின் மூத்த மகள்,
சலவைக்கடைக்கு மேல், மூன்றாம் மாடி.

பெறுநர்:
இணைய இணைப்புக் குறைதீர் அதிகாரி அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: தொலைபேசி நிறுவனத்துக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் நடந்த போட்டியில் அறுபட்ட கம்பிகளைச் சனிக்கிழமைக்குள் இணைத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அம்மாவுக்குத் துணையாகத் தைக்கிறேன். தனித்தேர்வு எழுத இணைய வகுப்பில் படிக்கிறேன். எங்கள் சந்துக்குள் கைப்பேசி சிக்னல் எட்டாது. வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றே வழி.

தொலைபேசி நிறுவனம் மட்டும் இருந்த காலத்தில் எங்கள் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. கேபிள்காரர் தெருவுக்குள் வந்ததும் இரு தரப்பாரும் பெண் கேட்டு வருவதுபோல வாசலில் நின்றார்கள். கேபிளில் வேகம் அதிகம், ஆனால் மாலையில் எல்லா வீட்டிலும் போட்டால் திணறும் என்று மேல்வீட்டு அக்கா சொன்னதால், அம்மா தொலைபேசிக் கம்பி வழி இணைப்பையே எடுத்தார்.

கடந்த செவ்வாயன்று வகுப்பில் ஆசிரியை வட்டத்தின் சுற்றளவைப் பற்றிக் கேட்டார். கட்டடத்தில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அன்று முதன்முறையாக மைக்கைத் திறந்து, இடுப்பளவிலிருந்து ஆரம் கண்டுபிடித்துக் குடைப்பாவாடை வெட்டும் விதத்தைச் சொன்னேன். "சனிக்கிழமை நீயே எல்லாருக்கும் நடத்தும்மா" என்றார் ஆசிரியை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். இணைப்பு போய்விட்டது.

படிக்கட்டில் தொலைபேசி லைன்மேன் கட்டிங் பிளேயருடன் நின்றார். போட்டிக்காரர் என்று கேபிள் கம்பியை அறுத்திருக்கிறார். ஆணி அடிக்கும் வேலையை மிச்சம் பிடிக்கத் தம் கம்பியையும் அதே கிளிப்பில் சேர்த்துக் கட்டியிருந்தவரும் அவரேதான். இரண்டும் சேர்ந்து போயின.

கேபிள்காரரும் வந்து சேர்ந்தார். "மொதல்ல அவன் கம்பிய எடுக்கட்டும், அப்புறம் நான் கை வைக்கிறேன்" என்று இருவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பொறுக்கமாட்டாமல் நான், "அண்ணா, நீங்க யாரை அறுத்தாலும் அறுந்துபோறது எங்க வீடுதான்" என்று சொல்லிவிட்டேன். ஊமைக்கோட்டான் பேசிவிட்டதென்று சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு சட்டை கருகியது. கம்பி மட்டும் இன்னும் தொங்குகிறது.

ஐயா, இருவரில் ஒருவரை விரட்டும்படி நான் கேட்கவில்லை. போட்டி இல்லையென்றால் எங்களை யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். சுவரில் ஆளுக்கொரு பக்கமாகக் கம்பி இழுக்கவும், அடுத்தவர் கம்பியைத் தொடாதிருக்கவும் எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன். வேகத்தில் போட்டி போடட்டும், வெட்டுவதில் வேண்டாம்.

சனிக்கிழமை காலை வகுப்பு. படம் வரைந்து, காகிதத்தில் பாவாடை வெட்டி வைத்துவிட்டேன். கம்பி சரியானதா என்று அறியத் தாங்களும் வகுப்பில் சேர்ந்து கேட்கலாம். அறிமுகமில்லாதவர் முன் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனால் தாங்கள் இருந்தாலும் நிறுத்தமாட்டேன்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: சலவைக்கடை மாடி

பணிவுடன்,
(கையொப்பம்)
தையற்காரம்மாவின் மூத்த மகள்