கேபின் கதவுக்கு வெளியே

1986 ஜனவரி 21, செவ்வாய்

பண்டாரவளையிலிருந்து ஹாஷிம் ஹாஜியார் போன் எடுத்தார். டெலிவிஷன் கம்பெனி, அதிகம் விற்ற கடைக்காரர்களை மனைவிமாரோடு சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏற்றுகிறதாம். ஊவா மாகாணத்திலிருந்து இரண்டு பேர். ஏஜென்சி வைத்திருக்கும் அவர். அவரிடம் செட் எடுத்துப் பதுளையில் விற்கும் நான்.

உண்மையில் விற்றது யார் என்று கம்பெனிக்குத் தெரியாது. டவுனில் எத்தனை வீட்டுக்குத்தான் விற்பது? நான் விற்றது தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு. கரண்ட் இல்லாத இடத்தில் கார் பேட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை செட். என் கடையில் வேலை செய்யும் முருகையா பூனாகலைத் தோட்டத்தில் பிறந்தவன். செட்டைத் தலையிலும் பேட்டரியைத் தோளிலும் வைத்து மலை ஏறுவான். "ஒரு கெழம சும்மா பாருங்க, புடிக்கலேன்னா தூக்கிட்டுப் போயிர்றேங்க" என்று வைத்துவிட்டு வருவான். ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஒரு கிழமை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவர்கள் பிரியமாட்டார்கள், செட்டை விட்டும், ஒருவரை ஒருவர் விட்டும். இதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. துணி மூட்டையைத் தோளில் போட்டுத் தோட்டம் தோட்டமாக நடந்த காலத்தில் மனிதரைப் பார்த்துப் படித்தது.

போனை வைக்குமுன் ஹாஜியார் சொன்னார்: "கப்பல்ல வெச்சே புள்ளையள்ட விஷயத்தையும் முடிச்சிருவோம், என்ன மச்சான்?"

என்னை மச்சான் என்று அவர் கூப்பிட்டது இன்றுதான்.

ஜனவரி 23

அவர் மகன் ஸரூக். கொழும்பில் அவர்களுடைய கடையைப் பார்க்கிறான். என் மகள் நூருல் இனாயா. பேராதனை யூனிவர்சிட்டிக்கு எடுபட்டிருக்கிறாள். பேராதனை எதற்கு? ஹாஜியார் வீட்டில் சம்பந்தம் வைத்தால் ஊவா ஏஜென்சியில் பாதி என் கைக்கு வரும். அதைவிட, இந்த ஊரில் எவனும் இனி என்னை மூட்டைக்காரன் என்று சொல்லமாட்டான். இதை மறைத்து எழுதி யாருக்கு என்ன?

மனைவி ஸவாஹிரா சோறு போடும்போது கேட்டாள், "மகள்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உன்னக் கேட்டுத்தான் எனக்குக் கட்டி வெச்சாங்களா?"

"அதுக்காகத்தான் அவளக் கேக்கச் சொல்ற."

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவள் சொல்கிற பேச்சா இது?

பிப்ரவரி 2

பண்டாரவளைப் பள்ளிவாசல் பக்கம் போய் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பதுதான் முறை. போகவில்லை. விசாரித்தால் ஹாஜியார் காதுக்கு எட்டும். என்னைச் சந்தேகப்பட்டானா என்பார். பெரிய இடத்தில் சின்ன மனிதன் விசாரிக்கக் கூடாது.

பிப்ரவரி 9, கப்பலில்

கேபினுக்கு ஜன்னல் இல்லை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, சுவரில் இறுக்கிய கலர் டெலிவிஷன். வழக்கப்படி முதலில் பின்பக்கத்தைப் பார்க்கப் போனேன். பார்க்க முடியாதபடி சுவரோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஒரு சேனலில் சீனப் படம். ஒன்றில் இங்கிலீஷ். மூன்றாவதில் கப்பலின் முன்னாலிருந்து தெரியும் கடல், நாள் முழுக்கக் கடல் மட்டுமே.

"வெளிய ஈக்கிற கடல உள்ளுக்கு என்னத்துக்குக் காட்டுறாங்க?" என்றேன்.

"ஜன்னல் இல்லாதவங்களுக்கு" என்றாள் ஸவாஹிரா. தலைசுற்றல் தாங்காமல் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கோடு நேராக நின்றால் வயிறும் நேராக நிற்கிறதாம்.

மேல் தட்டுக்கு அவள் வரமாட்டாள். நீச்சல் குளத்தடியில் கிடக்கிற கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அல்லாவே" என்று முந்தானையை இழுத்துக்கொண்டு இறங்கியவள்தான். இறைச்சி எப்படி அறுத்ததோ தெரியாது. முட்டையும் பாணும் கேபினுக்கே வருகிறது.

பிப்ரவரி 10

இன்றைக்கு எனக்கு மூளை நன்றாக வேலை செய்தது.

காலையில் ஹாஜியார், "எங்கட கேபின்ல டீவி ஓடல்ல மச்சான். ஊவாவுக்கே டீவி குடுக்கிறவன்ட கேபின்ல டீவி இல்ல, சிரிக்காம என்ன செய்ய" என்றார். அவர் மனைவி றஷீனாவும் வெளியே வராதவர். பேச்சுத் துணை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"எங்கட கேபினுக்கு அனுப்புங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கட்டும்" என்றேன் உடனே.

லயத்தில் செய்ததுதான். ஒரு செட்டுக்கு முன்னால் இரண்டு பெண்களை உட்கார வைத்தால் இறங்கும்போது சம்பந்திகளாக இறங்குவார்கள். ஸவாஹிராவின் முறைப்பும் கரையும். ஆண்கள் பேசி முடிக்கிற கல்யாணத்தில் பெண்கள் முட்டுக்கட்டை போடாமலிருந்தால் போதும்.

பின்னேரம்

யோசிக்காமல் விட்ட ஒன்று. அந்நியப் பெண் உள்ளே இருக்கும்போது என் கேபினுக்குள் நான் போக முடியாது.

கதவுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன். "கொஞ்சம் பொறுங்க, றஷீனா தாத்தா ஈக்கி" என்று உள்ளேயிருந்து குரல். மூத்தவள் என்று அதற்குள் 'தாத்தா', அக்கா முறை வைத்தாயிற்று! மத்தியான ளுஹர் தொழுகையை மாடிப்படி மூலையில் தொழுதேன். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று நின்று பார்த்தது.

ஹாஜியார் அவருடைய கேபினில் நன்றாகத் தூங்குகிறார்.

பிப்ரவரி 11

காலைச் சாப்பாடு முடிய றஷீனா வருகிறார், பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் போகிறார். நான் மேல் தட்டில் துணி நாற்காலியில் வெயில் காய்கிறேன். கறுத்துப்போனேன். கப்பல் பணியாள் மூன்று தடவை வந்து, உங்களுக்கு அறை இல்லையா என்று சைகையில் கேட்டான். எனக்கு அறை இருக்கு தம்பி, அதுக்குள்ள எனக்கு எடம் இல்ல.

மலாயாக் கரை பக்கத்தில் வந்ததும் கீழே இறங்கிக் கேபின் கதவடியில் நின்றேன், உள்ளே தமிழ் கேட்டது. கரை நிலையத்தின் ஒலிபரப்பைக் கப்பல் ஏரியல் பிடித்திருக்கிறது. ஏதோ நாடகம். அழுகுரல். அப்புறம் இரைச்சல். கரை விலகிவிட்டது போலிருக்கிறது. இரைச்சலுக்குப் பிறகும் ஒரு பெண் அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பொம்பளையள்ட நாடகப் பைத்தியம் என்று நினைத்தேன்.

ஹாஜியார் தேநீர் நேரத்தில் தேதியே சொல்லிவிட்டார். நோன்புக்கு முன்னால் நிக்காஹ். "பொடியன் தங்கம். சொன்ன சொல்லுக்கு மறு சொல் இல்ல."

பிப்ரவரி 12, பினாங்கு

பெண்கள் இரண்டு பேரும் தாங்களாகவே கடைத்தெருவுக்குப் போய்வருகிறோம் என்றார்கள். போனார்கள். மாலையில் வெறுங்கையோடு வந்தார்கள்.

பெண்கள் இருவர் அவ்வளவு நேரம் பினாங்குக் கடைத்தெருவில் நடந்து ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்புவது — வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வியாபாரி என்றால் அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் எங்கே வியாபாரி. நான் சம்பந்தி ஆகப்போகிறவன்.

பிப்ரவரி 13

இன்று றஷீனா வரவில்லை. ஸவாஹிரா கதவைச் சாத்திவிட்டு டெலிவிஷனை நிறுத்தினாள். அந்தப் பெட்டி நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஸரூக்குக்குக் கொழும்புல பொஞ்சாதி ஈக்கி. ரெண்டு வயசுல ஆம்புளப் புள்ளையும் ஈக்கி."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"பெத்த உம்மா சொன்னா. நாடகத்துல ஒரு புள்ள தத்தித் தத்தி நடந்து வந்திச்சு. இந்த மாதிரித்தான் என்ட பேரப்புள்ளயும் நடக்கும், ஒரே ஒரு தடவதான் தூக்கினேன்டு சொல்லி உடைஞ்சிட்டா. பொஞ்சாதி தெமட்டகொடயில ஏழ வீட்டுப் புள்ளயாம். ஹாஜியார் வீட்டு வாசல மிதிக்க விடல்லயாம். எங்கட மகளக் கட்டி வெச்சா அவள விட்டுடுவான்டு கணக்காம்."

நாற்காலி இல்லாததால் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இந்தக் கொப்பிக்குப் பொய் சொல்லி என்ன லாபம்? "ரெண்டாந்தாரம் மார்க்கத்துல இல்லாததா?" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஈக்கி. ஒளிச்சு வெச்சுக் கட்டுறது எதுல ஈக்கி? பண்டாரவளையில எத்தன பெரிய வீட்டுல பொண்ணு ஈக்கி, உங்கட வீட்டுக்கு என்னத்துக்கு வந்தாங்கண்டு தெரியுமா? நீங்க விசாரிக்கமாட்டீங்க. மச்சான்டு கூப்புட்டாப் போதும்."

அதற்குப் பிறகு அவள் திரும்பவும் பெட்டியைப் போட்டாள். கடல். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செட் எடுத்தால் பெட்டி பிரித்து, ஓடவிட்டு, குறை பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். மகளுக்கு அதுவும் செய்யவில்லை. செய்யல்லையே! என்ன மனுஷன் நான், என்ன வியாபாரி?

பிப்ரவரி 14

ஹாஜியாரை மேல் தட்டில் பிடித்தேன். ஸரூக்கின் விஷயத்தை எடுத்தால், யார் சொன்னது என்பார். றஷீனாவைத் தவிர வேறு யாரும் அவருக்குத் தோன்றாது. அந்தப் பெண்பிள்ளை அவரோடுதானே வீடு போக வேண்டும். அதனால், "மகள் படிக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"மூட்ட தூக்கினவன்ட மகளுக்கு யூனிவர்சிட்டி கேக்குதோ?"

பழச்சாற்றுக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். மச்சான் உறவு இருபத்தைந்து நாள்கூட ஓடவில்லை.

கீழே வந்தேன். கதவுக்கு முன்னால் பழக்கத்தில் தொண்டையைச் செருமினேன். உள்ளே யாரும் இல்லை, வாங்க என்றாள்.

பிப்ரவரி 17, பதுளை

வீட்டில் இனாயா இல்லை.

பினாங்குத் தபால் கந்தோரிலிருந்து ஸவாஹிரா மகளுக்குப் போன் எடுத்திருக்கிறாள். அவளும் றஷீனாவும் கடைத்தெருவுக்குப் போனது அதற்குத்தான். "மாமாவோட பேராதனைக்குப் போய்ப் பதிஞ்சிட்டு அங்கயே நில்லு, வாப்பாக்கு நான் சொல்லிக்கொள்ற." மாப்பிள்ளையைப் பெற்றவளே, தன் மகனுக்குப் பேசின பெண்ணைத் தப்பவைக்க, டெலிபோன் பெட்டிக்கு வெளியே வரிசையில் நின்றிருக்கிறாள். நான் அந்த நேரம் மேல் தட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டில், என்னைக் கேட்காமல், என் மகளை!

பிப்ரவரி 18

ஸவாஹிராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

மார்ச் 11

பண்டாரவளையிலிருந்து செட் வரவில்லை. போன் எடுத்தால், "ஸ்டொக் இல்ல" என்கிறார்கள். நேற்று வெலிமடையில் ஒரு கடைக்கு லொறியில் இறங்கியதாம்.

முருகையா கேட்டான்: "மொதலாளி, தோட்டத்து மேல் டிவிசன்காரங்க செட்டு எப்பன்னு கேக்குறாங்க. என்னாங்க சொல்றது?"

"மழ விடட்டும்டு சொல்லு."

"மழ பேஞ்சு ஒரு மாசமாச்சுங்களே."

ஏசிவிட்டேன். பிறகு தேத்தண்ணிக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 6

இனாயா லீவில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். கன்டீன் சோற்றைப் பற்றிச் சொல்லி அவளும் தாயும் குசினி அடுப்படியில் சிரிக்கிறார்கள். நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது. இங்கேயும் செருமிக்கொண்டுதான் போக வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் 29

ஹாஜியார் போன். இரண்டரை மாதத்துக்குப் பிறகு. குரலில் சர்க்கரை.

"ஹுமைத், நடந்தத மறந்துடுவோம். லொறி அனுப்புற. ஊவா ஏஜென்சியப் பத்தியும் பேசுவோம்." பிறகு விஷயம் வந்தது. வெலிமடையில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்யும் ஜுனைதீனுடைய மகளை ஸரூக்குக்குப் பேசுகிறார்களாம். முதலில் எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது ஜுனைதீனுக்குத் தெரியும். விசாரிக்க என்னிடம் வருவாராம்.

"பொடியனப் பத்தி ரெண்டு நல்ல வார்த்த. வேற ஒண்டும் வாணாம்."

சரி என்று சொன்னேனா, சொல்லவில்லையா? "ம்" என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 30

ஸவாஹிராவிடம் சொல்லவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்தும் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

கடை பாதி காலி. பேட்டரி சார்ஜ் பண்ண வருகிறவர்கள் மட்டும் வருகிறார்கள். லொறி வந்தால் நோன்புக்கு முன்னால் கடை நிறையும். இன்னொருவன் மகள், எனக்கென்ன? அவனுக்குக் கண் இல்லையா, காது இல்லையா, அவன் விசாரிக்கட்டும்.

விசாரிக்கத்தானே வருகிறான்.

மே 2, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தார் ஜுனைதீன். என்னைவிட இளையவர். நகத்திடுக்கில் வெலிமடை மண். கடைக்குள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, கிழங்கைப் பற்றி. பிறகு, 'நானா' என்று என்னை அண்ணன் முறை வைத்து:

"பெரிய எடம், நானா. விசாரிக்கவே கூச்சமா ஈக்கி. ஹாஜியார் மச்சான்டு கூப்புடுறார். பொடியன் எப்பிடி?"

லொறி என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதை மறைக்க மாட்டேன். அதற்கு அப்புறம், பண்டாரவளை வீட்டில் ஒரு பெண்பிள்ளை தன் வாயைத் திறந்ததற்கு என்ன அனுபவிக்க வேண்டி வருமோ என்ற நினைப்பும் வந்தது. அவள் பெயர் வெளியே வரக்கூடாது.

"என்ட மகள நான் குடுக்கல்ல" என்றேன். "அவள் படிக்கப் போனதால இல்ல. தெமட்டகொடப் பள்ளிவாசல்ல ஒருக்கா விசாரிங்க. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். தேத்தண்ணி வந்திருந்தது. குடிக்காமல் எழுந்து என் கையைப் பிடித்தார். பிறகு வெலிமடை பஸ்ஸுக்கு நடந்தார்.

மே 3

காலையில் கடை திறந்ததும் ஏணி எடுத்து வாசலில் தொங்கிய கம்பெனிப் பலகையை நானே கழற்றினேன். ஹாஜியார் ஆள் அனுப்பிக் கழற்றுமுன். முருகையா கீழே நின்று வாங்கிக்கொண்டான்.

மத்தியானம் ஸவாஹிரா சோற்றுப் பார்சலோடு கடைக்கே வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் கடைப் படி ஏறாதவள். பலகை இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்சலை மேசையில் வைத்தாள். பிறகு, நேற்று ஜுனைதீன் உட்கார்ந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இனி நாங்க என்ன விக்கிற?" என்றாள்.