குழாய் சுத்தம், வால்வில்தான் கோளாறு

ஆறு வாரமாகப் போனை எடுக்காத என் வீட்டுக்காரிக்கு,

அன்புடன் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

உன் சமையலில் ஒரு குற்றமும் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னது என் தங்கை. சோறு வேகவில்லை என்றேன். குழைய வடித்தாய், பசை என்றேன். கடைசியில் விருந்துக்கு வந்தவர்கள் எதிரில், "இவ சமையல் மனுஷன் தொண்டையில இறங்காது" என்றும் சொல்லித் தொலைத்தேன். நீ பெட்டியைத் தூக்கியது நியாயம்தான்.

நீ போனபின் தங்கை வீட்டில் சாப்பாடு. அங்கேயும் நடு நெஞ்சில் நின்றது. பிளம்பர் புத்தி போகுமா? வாய்க்கு வாய் ஒரு மடக்கு வெந்நீர், பிறகு எழுந்து நின்று மூன்று குதி. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, சீலிங்கில் காரை உதிர்கிறது என்றார். தங்கை கரண்டியோடு நின்று, "அண்ணி சமையல்னு சொன்னியே, இது யாரு சமையல்?" என்று கேட்டாள். காதைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

குழாயில் அடைப்பு, கம்பி விட்டுத் துருவுங்கள் என்று டாக்டரம்மாவுக்கு நானே யோசனை சொன்னேன். கேமரா விட்டுப் பார்த்தார். குழாய் பளிச்சென்று இருக்கிறதாம். பிறகு ஸ்கேன். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் திரும்பி வந்து, இடது மேல் அறை உப்பிவிட்டது. அது பின்னால் போகும் உணவுக்குழாயை நசுக்குகிறது என்றார். எனக்கு இதயமே இல்லை என்று நீ திட்டியதையும் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார். இருபத்தாறு வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வால்வைத்தான் பார்ப்பேன். என் வீட்டில் மட்டும் உன்னைக் குறை சொன்னேன்.

வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். கையெழுத்துப் போடுகிறேன் என்று தங்கை பேனாவை எடுத்தாள். சம்மதப் படிவத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் நீதான் போட வேண்டும். பயமாக இருக்கிறது. இந்தப் பயம் குதித்தாலும் இறங்கவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து பஸ் நிலையத்தில் நிற்பேன். மன்னிக்காவிட்டால் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டாவது இரு.

இப்படிக்கு,
உன் தட்டைத் தள்ளிவைத்த மடையன்