டவர் படுத்த அன்று பினாங்குக்குப் போன சேதி

அன்பு மகள் அல்ஃபியாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் முட்டிவலி ஒன்றைத் தவிர அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தைத்தான் புயலுக்குள்ளேயே விசாரித்தாயிற்று. போனில் சொல்லலாமென்றால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் முழுசாக எழுதுகிறேன், சிரித்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

போன வருஷப் புயலில் எங்கள் குரல் கேட்காமல் நீ துடித்ததும், இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொன்னதும் எனக்கு மறக்கவே இல்லை. நீ வந்து என்னம்மா செய்வாய், எங்களோடு நாலாவது ஆளாக இருட்டில் உட்காருவாய், அவ்வளவுதான். அதனால்தான் என் கடையில் பேட்டரி வாங்கும் ஸ்ரீரங்கம் அன்புச்செல்வன் சாரைப் பிடித்தேன். அவர் அரசாங்க லைசென்ஸோடு வீட்டில் ரேடியோ வைத்து வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறவர். அவர் சொன்னபடி லைசென்ஸ் கேட்காத வாக்கிடாக்கி நாலு வாங்கினேன், சார்ஜ் போட மாடியில் சோலார் தகடும் வைத்தேன். பாலக்கரை வீட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நேராக எட்டாது, சிந்தாமணியில் இருக்கிற நம் கடை மாடியில் உன் தம்பி தாஹா நின்று நடுவில் வாங்கிச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

போன வாரம் அடித்த புயலில் கரண்டும் போய் போன் டவரும் படுத்ததும், குடையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிப் பட்டனை அமுக்கி ஸலாம் சொன்னேன். தாஹாவும், கீழே அடுப்படியிலிருந்து அம்மாவும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பதில் ஸலாம் சொல்ல, கொரகொரவென்று இரைச்சல்தான் வந்தது. மறுபடி ஸலாம், மறுபடி இரைச்சல். அன்புச்செல்வன் சார், பாய், ஒருத்தர் அமுக்குறப்ப மத்தவங்க கை வைக்காதீங்க என்று கத்தியதைத் தாஹா வாங்கிச் சொன்னான். ஸலாத்துக்குப் பதில் சொல்லாம எப்படிங்க இருக்கறது என்று அம்மா தாஹா வழியாக அவரிடமே சண்டைக்குப் போனாள். கடைசியில் பதிலை வாயால் சொல்லு, பட்டனை விட்டுவிடு என்று தீர்ப்புச் சொன்னேன், அதன் பிறகுதான் பேச்சு விளங்கியது.

நீ இருக்கும் பினாங்கிலேயே தமிழ் தெரிந்த ரேடியோக்காரர் ஒருவர் கிடைத்திருக்கிறார், சேதி பத்து வார்த்தைக்குள் இருக்கணும் என்றார் சார். அம்மா விடுவாளா, காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி பேரம் பேசிப் பதினைந்துக்குக் கொண்டுவந்தாள். நான்தான் வியாபாரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எல்லோரும் சுகம், வேலையை விடாதே என்று நான் சொன்னதோடு, தலைக்கு எண்ணெய் வை என்பதையும் சேர்த்துவிட்டாள். அந்த மனுஷன் எண்ணெயையும் விடாமல் உனக்குப் போன் போட்டுச் சொன்னாரே, அவர் நன்றாக இருக்கணும்.

பதில் வர நேரமானது. மழையில் நின்ற எனக்கு, பெட்டியைக் கட்டிவிட்டாயோ என்று பயம். அப்போது தாஹா, அத்தா, அக்கா அழுதுட்டு சிரிக்குதாம், எழுதி வச்சிருந்த ராஜினாமா கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுருச்சாம் என்றான். நான் குடையை விட்டேன், அது பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது, இன்னும் கேட்டு வாங்கவில்லை.

உன் பவர் பேங்கில் எப்போதும் சார்ஜ் இருக்கட்டும், மறக்காதே. அந்த ரேடியோக்காரர் வீட்டுக்கு மணப்பாறை முறுக்கு அனுப்புகிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. பெருநாளைக்கு லீவு போட்டுவிட்டு வாம்மா, வேலையை விட்டுவிட்டு வராதே.

உன் துஆவை நாடும் அத்தா,
ஹபீபுல்லா