உன் பேரில் போட்ட செம்பு இழை

இதை எழுதும்போது மேசை மேல் ஒரு செம்பு இழை கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உன் மல்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. வைத்தவன் நான். வைத்தது நீ என்று இன்று காலை உன் மகளிடம் சொல்லிவிட்டேன். தூ, எழுதவே கூசுகிறது.

நீ செத்துப்போன பிறகு உன் மனைவி அந்த மீட்டரை என்னிடம்தான் கொடுத்தது. "பாப்பா வேலைக்குப் போற வரைக்கும் நீங்க வச்சிக்கோங்கண்ணா. கடையில கெடந்தா அவரு கீற மாதிரி இருக்கும்" என்றது. நன்றாக வைத்திருந்தேன் போ!

அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்டு பேனல் செய்யும் நம் கடையில் உன்னோடு வேலை செய்வதே ரோதனை. மெயினை அணைத்த பிறகும் தொட விடமாட்டாய். மீட்டரை முதலில் கரண்டு இருக்கிற வேறொரு பிளக்கில் வைத்துப் பார்ப்பாய், பிறகு அணைத்த லைனில், மறுபடியும் அதே பிளக்கில். "லைன் செத்துச்சான்னு பாக்கறதுக்கு முன்னாடி மீட்டர் உசுரோட கீதான்னு பாரு மாமே" என்பாய். மீட்டர் வயரின் உறையில் கீறல் தெரிந்தால் டேப் சுற்ற மாட்டாய், வயரையே மாற்றுவாய். "இன்னாடா, பூஜையா பண்ற? மணி ஆட்டட்டுமா?" என்று கிண்டலடிப்பேன். நீ சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்ப்பாய்.

நீ இல்லாத கடையில் ஒரு நாள் ஆம்பியர் பார்த்துவிட்டு, மீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டு வோல்டேஜ் பார்க்கப் போனேன். படார்! ஃபியூஸ் போனது, நான் பிழைத்தேன். அதே ஃபியூஸ் எஸ்டேட்டில் கிடைக்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு வரை யார் போவது என்று சோம்பல். வீட்டு ஃபியூஸ் கட்டைக்கு எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தேன்: வயரிலிருந்து ஓர் இழையை உருவி வைத்து மூடினேன். அடுத்த வாரம் மாற்றலாம் என்று நினைத்து அப்படியே மறந்தும் போனேன்.

பாப்பா இப்போது மேனாம்பேட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன். இன்று மீட்டரை வாங்க வந்தது. கையில் வாங்கியதும் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தது, உன்னைப் போலவே.

"இன்னா மாமா, உள்ள ஒயரு கீது? யாரு வச்சது?"

வாய் தானாகச் சொன்னது: "உங்கப்பாதாம்மா. அவசரத்துக்கு."

திட்டும் என்றுதான் நினைத்தேன். "அப்பாவா? அப்ப ஒண்ணும் ஆவாது" என்று மூடியைத் திருகி, பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது நம்பியது என்னையல்ல, உன்னையடா! என்னைப் போல அதுவும் வயரை ஓட்டை மாறிச் செருகிவிட்டால், அந்தக் கட்டடத்து பேனலில் வருகிற கரண்டுக்கு ஃபியூஸ் இல்லாத மீட்டர் கையிலேயே வெடிக்கும். போன் அடித்தேன். எடுக்கவில்லை, வண்டி ஓட்டும்போது எடுக்காது. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மீட்டரும் கையுமாக நின்றது பாப்பா.

"தொடாதம்மா! அத வச்சது நானு. உங்கப்பா இல்ல!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அங்கிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாப்பா மூடியைக் கழற்றியது. இழையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தது. புது ஃபியூஸ் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம், நானே வாங்கிக்கிறேன்" என்றது.

"ஒயர வச்சீங்கோ, போவட்டும். அப்பா பேர எதுக்கு மாமா சொன்னீங்கோ?"

இழையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டேனடா. உன்னிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாகத்தான் இருக்கிறது, நீ திரும்பக் கேள்வி கேட்கமாட்டாய். அந்தப் பிள்ளை முகத்தில் நாளைக்கு எப்படி விழிப்பேன்?