சுண்ணாம்பு பிடித்த தலை

பாய்,

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொங்கல் கழிந்து, கடுக்காய் மூட்டை ஏற்ற வந்த ஜீப்பில் உங்கள் மகன் எங்கள் மலைக்கு வந்திருந்தார். மோர் குடித்துவிட்டுக் கேட்டார்: "மாமா, எங்க அப்பாவுக்கு நூல் தொப்பி ரெண்டு இருந்தது. அம்மா பின்னினது. ஒண்ணு ஆஸ்பத்திரியிலயே காணாம பூட்டுது. அம்மா இன்னும் கேட்டுக்கினே இருக்காங்க. உங்க கண்ணுல பட்டுதா?"

"நான் பாக்கலியே தம்பி" என்றேன்.

சொன்னபோது அந்தத் தொப்பி என் தலைப்பாகைக்கு அடியில், என் தலைமேல்தான் இருந்தது. ஜீப் வளைவு திரும்பும்வரை நான் தலையைச் சொறியவில்லை.

இப்போது அது என் மடியில் இருக்கிறது. எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். வாசல் முழுக்கக் கடுக்காய் காய்கிறது. அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறினால் எங்கள் ஆட்களுக்குச் சந்தை நினைவு வரும். எனக்கு உங்கள் நினைவுதான் வருகிறது. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்த மனிதருக்கு, ஆஸ்பத்திரியில் பினாயில் போட்டுக் குளிப்பாட்டினாலும் அந்த வாடை போகவில்லையே.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் சவரம் செய்துகொள்ளும்போது இடது காதுக்குக் கீழே விரல் தடுக்கி நின்றது. ஒரு கழலை, மொச்சைக்கொட்டை அளவு. போன தடவை எலுமிச்சை அளவுக்கு வந்தவன், இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையோடு சிறிதாக வந்திருக்கிறான். கீழே போய்க் காட்டினேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் அந்த மருந்தை ஏத்தணும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார். இன்று சனி. நாளைக் காலையில் மலை இறங்க வேண்டும்.

பயமாக இருக்கிறது பாய். கழலைக்குப் பயமில்லை, அது வலிப்பதுகூட இல்லை. அந்த மருந்துக்குத்தான். நினைத்தாலே நாக்கில் துருப்பிடித்த இரும்பு ஊறுகிறது. மூன்று வருடமாகியும் நாக்கு மறக்கவில்லை. மற்றவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. கேலிக்காரன் பயந்துவிட்டான் என்றால் ஊருக்கே கொண்டாட்டம். அதனால்தான் மூணாங்கிளாஸ் எழுத்தைக் கூட்டிக்கூட்டி உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் ஊசி நாள் நினைவிருக்கிறதா? வார்டில் கடைசி இரண்டு கட்டில்கள் நம்முடையவை. புற்று எனக்குக் கழுத்தில், உங்களுக்கு வயிற்றில். நான் சேர்ந்து இரண்டே நாளில் வார்டு முழுக்க என் கரடிக் கதையைப் பரப்பியிருந்தேன்: பலாமரத்தடியில் கரடி வந்தது, கையில் அரிவாள்கூட இல்லாமல் அதைத் துரத்தினேன் என்று. மூன்றாம் நாள் சிஸ்டரம்மா தட்டில் கண்ணாடி ஊசியை வைத்துக்கொண்டு வந்தார். புஜத்தில் சிவப்பு ரப்பரைக் கட்டினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து உங்கள் குரல்:

"சிஸ்டரம்மா, மெல்ல. கரடிய தொரத்தினவரு, திரும்பிக் கடிச்சிடப் போறாரு."

வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் ஊசி ஏறியதே தெரியவில்லை. கேலி செய்வது என் தொழில். என்னை ஒருவர் கேலி செய்து நான் சிரித்தது அன்றுதான்.

ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து சிரிப்பில்லை. வயிற்றில் இருந்தது, இல்லாதது எல்லாம் வெளியே வந்தது. பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட அது வந்த வழியே திரும்பியது. மறுநாள் காலை விடிந்ததும் துணியை மூட்டை கட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே கேட் வரை போய்விட்டேன். பின்னால் செருப்புச் சத்தம். நீங்கள்தான். கையில் எனாமல் பேசன்.

"மலைக்காரரே, இத மறந்துட்டீங்க."

"எனக்கு எதுக்கு பாய் பேசனு? நான் வூட்டுக்குப் போறேன்."

"அதுக்குத்தான். திருப்பத்தூர் பஸ்ல ஏறுவீங்க. முன்னாடி சீட்டுக்காரன் வெள்ளச் சட்டை போட்டுக்கினு இருப்பான். பாவம், அவன் இன்னா செஞ்சான்?"

சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் கீழே உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் கையில் ஊசி ஏறிய நரம்பெல்லாம் கருத்து, கயிறு மாதிரி நின்றது. அதைப் பார்த்ததும் வாயில் உண்மை வந்துவிட்டது.

"பாய், அந்தக் கரடிய நான் தொரத்தல. அதுதான் என்ன தொரத்துச்சு. நான் ஓடினேன்."

"அது வார்டுக்கே தெரியும்" என்றீர்கள். "ஓடினது தப்பில்ல. கரடி வெளிய இருந்துது, ஓடித் தப்பிச்சீங்க. இது உள்ளாற கீது. நீங்க ஓடினா இதுவும் கூடவே பஸ் ஏறி, மலைக்கு வந்து, உங்க பாயிலயே படுத்துக்கும்."

பதிலுக்குப் பேசனைத்தான் பயன்படுத்தினேன். நீங்கள் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டே தோல் ஷாப்புக் கதையை ஆரம்பித்தீர்கள். ஒருவன் வாந்தி எடுக்கும்போது சொல்லக்கூடிய கதையா அது?

"பச்சத் தோலு ஷாப்புக்கு வர்றப்ப பாக்க நல்லாத்தான் இருக்கும். மயிரெல்லாம் மினுமினுன்னு. ஆனா அப்படியே உட்டா நாலு நாள்ல அழுகிப்பூடும். அத சுண்ணாம்புத் தொட்டியில முக்குவோம். உப்பிக்கும், நாறும், மயிரெல்லாம் கையோட வரும். புதுசா வேலைக்கி வர்றவன் அதப் பாத்துட்டு, 'மேஸ்திரி, தோலு கெட்டுப்பூட்டுது'ன்னு கத்துவான். நாங்க சிரிப்போம். கெட்டுப்போறது வேற, பதமாவறது வேற. பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாரிதான் இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க மலைக் கடுக்காயில ஊற வெப்போம். நீங்க பொறுக்கினதுதான். அதுக்கப்புறம் எத்தினி மழைக்கும் தாங்கும்."

"தாங்கும், தாங்கும். செருப்பு தெச்சு காலுல போட்டுக்குவீங்க" என்றேன்.

"பாத்தீங்களா, கேலி வந்துடுச்சு. வாங்க உள்ள."

வந்தேன். அந்த ஒரு காலையில் நான் பஸ் ஏறியிருந்தால் இந்த மூன்று வருடக் கடுக்காயை வேறு யாராவதுதான் பொறுக்கியிருப்பார்கள்.

உங்களிடம் படித்த பாடமெல்லாம் கையளவு விஷயங்கள்தான். ஊசி போடும் நாளில் பிடித்த சாப்பாட்டைத் தொடாதே, தொட்டால் ஆயுளுக்கும் அது பிடிக்காமல் போய்விடும் என்றீர்கள். நான் பேச்சைக் கேட்டுச் சாமைச் சோற்றைத் தள்ளி வைத்தேன். நீங்கள் உங்கள் பேச்சையே கேட்காமல் ஒரு ஊசி நாளில் பிரியாணி சாப்பிட்டிருந்தீர்கள். எதிர்க் கட்டில்காரர் வீட்டிலிருந்து பிரியாணி வந்த அன்று, மூடியைத் திறந்ததும் நீங்கள் பேசனைத் தேடிய வேகம் இருக்கிறதே! "வாணியம்பாடிக்காரன் பிரியாணி வாசனைக்கி வாந்தி எடுத்தான்னு வெளிய சொல்லிடாதீங்க, ஊர்ல தல காட்ட முடியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் நான்கு பேரிடம்தான் சொன்னேன்.

தண்ணீரைக் கரண்டி கரண்டியாக, ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவில் நூறு எண்ணிவிட்டுக் குடிக்கச் சொன்னீர்கள். எனக்கு ஐம்பதுக்கு மேல் எண்ண வராது, இரண்டு ஐம்பதாக எண்ணினேன். வாய் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாதபோது சிஸ்டரம்மா சொன்ன உப்புத் தண்ணீரை இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, யார் அதிக நேரம் கொப்பளிப்பது என்று பந்தயம் போட்டோம். நீங்கள்தான் ஜெயித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வழியவழிய ஜெயித்தீர்கள்.

மூன்றாவது வாரம், காலையில் தலையணையில் என் முடி கொத்தாகக் கிடந்தது. கையை வைத்தால் கையோடு வந்தது. எங்கள் மலையில் ஆண்பிள்ளை மொட்டையடித்தால் ஒன்று சாமிக்கு, இல்லை சாவுக்கு. எனக்கு இரண்டாவதுதான் ஞாபகம் வந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எழுந்து வந்தீர்கள். என் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தீர்கள், தோலைச் சோதிக்கிற மாதிரி. பிறகு ஷாப்பில் கத்துகிற அதே குரலில், வார்டே அதிர ஒரு கத்து:

"சுண்ணாம்பு புட்ச்சாச்சு! எடுக்கலாம்!"

மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லி நான் நம்பியதைவிட அந்தக் கத்தலில்தான் அதிகம் நம்பினேன். நாவிதர் வந்து மிச்சத்தையும் வழித்தார். குளிரும் என்று உங்கள் இரண்டாவது தொப்பியை என் தலையில் வைத்து, "பாக்க லட்சணமா கீறீங்க. எங்க ஊருக்கு வாங்க, பொண்ணு பாக்கறேன்" என்றீர்கள்.

ஊசிக்கு உங்கள் முறை வரும்போது மட்டும் நீங்கள் கத்தமாட்டீர்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கவுண்டரே, நெஞ்சு அடிச்சுக்குது. அந்தக் கரடி கத சொல்லுங்க" என்பீர்கள். பொய் என்று தெரிந்தும் கேட்பீர்கள். ஒவ்வொரு ஊசிக்கும் கரடியை ஒரு முழம் பெரிதாக்கினேன். கடைசி ஊசியில் அது பலாமரத்துக்கே சமமாக நின்றது.

மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி வாசலிலேயே நின்று, "யாரு பூட்டாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் போவல. நான் வந்துட்டேன்" என்றேன்.

அடுத்த வருடம் சோதனைக்குப் போனபோது நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதைச் சிஸ்டரம்மா சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை பாய், உங்கள்மேல் கோபம் வந்தது. பாதி பதத்தில் தொட்டியை விட்டு எழுந்து போகிற மேஸ்திரி உண்டா? சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். உங்களைத் திட்டித் தீர்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

முந்தாநாள் என் வீட்டுக்காரியும் உங்களை இழுத்துத்தான் கேட்டாள். "அந்த பாயே பூட்டாரு. நீ மட்டும் இன்னாத்துக்கு மறுபடியும் போற? இருக்கற வரைக்கும் வூட்ல இரேன். அந்த வாந்திய என்னால மறுபடி நெனச்சுப் பாக்க முடியல."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சற்று நேரம் கடுக்காயைக் கிளறிவிட்டுச் சொன்னேன்: "பாய் பூட்டாரு, நெசந்தான். ஆனா ஓடிப் போவல. எனக்கு மூணு வருசம் கெடச்சுது. அதுல பொண்ணு கல்யாணத்தப் பாத்துட்டேன், உன்கிட்ட முந்நூறு தடவ திட்டு வாங்கிட்டேன். இன்னும் வாங்க வேண்டியது பாக்கி கீது. கொத்து கொத்தா முடி போவட்டும். எனக்கு இன்னா, மாப்ள பாக்கவா வர்றாங்க?"

அவள் உள்ளே போனாள். நேற்றுப் பார்த்தால் என் பையில் வேட்டி, துண்டு, அதற்குமேல் எனாமல் பேசன்.

ஆகவே போகிறேன். பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்துக் கட்டிலில் யார் இருப்பாரோ தெரியாது. யாராக இருந்தாலும் அவர் மூட்டை கட்டினால் பேசனோடு பின்னாலேயே போவேன். அவர் முடி உதிரும் காலையில் வார்டு அதிரக் கத்துவேன். உங்கள் குரல் எனக்கு வராது, ஆனால் வார்த்தை வரும்.

இனி தொப்பி. வழியில் வாணியம்பாடியில் இறங்கி, உங்கள் வீட்டம்மாவிடம் உண்மையைச் சொல்லித் தொப்பியைக் கொடுத்து, "இந்த ஊசி முடியறவரைக்கும் கடனாக் குடுங்க" என்று முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அழுக்காகக் கொடுக்கக்கூடாது என்று நேற்றுத் துவைத்தேன். விறைப்பாக நிற்கட்டும் என்று சாமைக் கஞ்சி போட்டேன். கெட்டியாகவே போட்டேன். வேலியில் காயவைத்துவிட்டுக் கடுக்காய் கிளறப் போனேன்.

ஆடு தின்றுவிட்டது. முன்பாதி இல்லை. பின்பாதி இருக்கிறது, கஞ்சி நன்றாகப் பிடித்திருக்கிறது. போட்டுப் பார்த்தேன், ஒரு காது மூடுகிறது.

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.