சேகருக்கு வேறு ஊசி

ஜூலை 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அனுப்ப வேண்டிய பம்புப் பெட்டிகள் கூரை வரை. இந்த நிலையில் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொடுத்தார்.

நாளை தம்பி சேகருக்கு மூன்றாம் தடவை மருந்து ஏற்ற வேண்டும். கழுத்துக் கட்டி பாதி இறங்கிவிட்டது. இருபது வயது, இது குணமாகிற வகைப் புற்றுநோய், விடாமல் போட்டால் போதும் என்கிறார் பெரிய டாக்டர். விடாமல். அதுதான் இப்போது தகராறு.

போன தடவை வாந்தி நிற்கவே இல்லை. சோறு, தண்ணீர், பித்தம். அப்புறம் ஒன்றுமில்லாமல் வெறும் ஓங்கரிப்பு. அம்மா அவன் நெற்றியைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கினாள்.

சாயங்காலம் சேகர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளிக்கு நான் வர்ல."

"ஏன்டா?"

"கட்டி கொல்றதுக்கு முன்னால வாந்தியே என்னக் கொன்னுடும்க்கா."

 பொத்தான் தைத்து முடித்தேன்.

வாங்க வேண்டியது: எலுமிச்சம்பழம். பிளாஸ்டிக் பை. பழைய துண்டு இருக்கிறது.

ஜூலை 5, புதன்

 வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை ஆவடியில் ரயில். உட்கார இடம் கிடைத்தது. அம்பத்தூர் தாண்டியதும் சேகர், "ஆஸ்பத்திரி வாசனை வருது" என்றான். பெட்டி முழுக்க வேர்வையும் மல்லிகைப்பூவும்தான். கொரட்டூரில் வண்டி நின்றதும் விருட்டென்று இறங்கிவிட்டான். பின்னாலேயே குதித்தேன். பிளாட்பாரத்து ஓரத்தில் குனிந்து, தின்ற இட்லி முழுக்க வாந்தி.

"பாத்தியா, இன்னும் ஊசியே போடல."

வாந்திக்கு வழி செய்யாவிட்டால் மருந்து ஏற்றாமல் திரும்பிவிடலாம் என்றேன். சத்தியமா என்றான். சத்தியம் என்றேன். அடுத்த வண்டியில் ஏறினோம்.

வார்டில் இளம் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "வாந்தி ஊசிய இந்தத் தடவ கூட்டிப் போடறேன்" என்றார். போட்டார். மருந்து ஏறி முடிகிற வரை வாந்தி இல்லை. ரயிலிலும் இல்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது, காரணமில்லாமல்.

வெள்ளானூரில் வீட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தான். தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் கழுத்து. யாரோ பிடித்துத் திருப்புகிற மாதிரி மெல்ல மெல்லத் தோள்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. கண் மேலே செருகி வெள்ளை மட்டும். நாக்கு வெளியே. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

அம்மா அலறவில்லை. விபூதியை அள்ளிப் பூசினாள். "காத்து அட்ச்சிகீது. கோயிலுக்குத் தூக்கு." பக்கத்து வீட்டு அஞ்சலை வேப்பிலை ஒடிக்க ஓடினாள்.

நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"ஊசி போட்டுத்தானே இப்டி ஆச்சு? இன்னும் குத்தி எம்புள்ளையக் கொல்லப் போறியா?"

"வழி விடும்மா."

விடவில்லை. அம்மாவைத் தோளால் தள்ளிவிட்டுத்தான் போனேன். பெற்றவளைத் தள்ளினேன்.

ஆவடியில் கிளினிக் டாக்டர் சேகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னிக்கு ஏதாவது ஊசி போட்டாங்களா?" ஆஸ்பத்திரி சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "வலிப்பு இல்லம்மா. வாந்திய நிறுத்தற ஊசி, சின்ன வயசுக்காரங்கள்ல சில பேருக்கு இப்படி இழுக்கும். மாத்து ஊசி இருக்கு" என்றார். நரம்பில் போட்டார்.

முதலில் நாக்கு உள்ளே போயிற்று. பிறகு கண். கழுத்து கடைசியில். சேகர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை:

"நீங்க பேசனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சுக்கா."

ஜூலை 6, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு சேகர் தூங்கித் தூங்கி விழிக்கிறான். விழித்தால் கை கழுத்துக்குப் போகிறது. மத்தியானம் பேசினான்.

"வாந்தின்னா அது என் வாந்தி. நேத்து அப்டி இல்லக்கா. நான் உள்ள கீறேன், மூஞ்சி வேற எவனோ வெச்சினு கீறான். இனிமே வர மாட்டேன். கேக்காதே."

 அம்மா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறாள்.

ஜூலை 10, திங்கள்

தூறல். அரை நாள் லீவு. தனியாகவே ஆஸ்பத்திரி போனேன். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சண்டை போடுவது என்றுதான் போனேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் முடியவில்லை. சேகர் ஃபைலைத் திறந்து, அந்த ஊசி இவனுக்குப் போடக்கூடாது என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்.

வேறு ஒன்று வந்திருக்கிறதாம், புதிது. ஒன்டான்செட்ரான். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"இது கழுத்த இழுக்காதா?"

"தலைவலி வரலாம், மலச்சிக்கல் வரலாம். இழுத்து நான் பார்த்ததில்ல."

இழுக்காது என்று சொல்லவில்லை. பார்த்ததில்லை என்றார். அதனாலேயே நம்பத் தோன்றியது.

ஒரு தடவை மருந்து தவறினால் என்ன என்றேன். "தள்ளிப் போடப் போட கட்டி திரும்பும்மா. புதன் பத்தொம்பது, அவசியம் கூட்டிட்டு வாங்க."

வார்டில் அந்த ஊசி கிடையாது, வெளியில் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசல் மருந்துக் கடையில் தீர்ந்துவிட்டது, எப்போது வரும் என்று தெரியாதாம்.

ஜூலை 13, வியாழன்

ஆவடி - இல்லை. அம்பத்தூர் ஓ.டி., இரண்டு கடை - ஒருவர் பெயரே கேட்டதில்லை. இன்னொருவர், "வரவழைக்கலாம், பத்து நாளாவது ஆகும்" என்றார். பத்தொன்பதுக்குள் வேண்டும், அது ஆகாது.

செருப்பு வார் அறுந்தது. சேகரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இல்லாத ஊசியைப் பற்றி என்ன சொல்வது. தாடியை மழிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கழுத்துக் கட்டி மறுபடி பெரிதாகிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன்.

ஜூலை 15, சனி

ஷிப்ட் முடிந்து பூந்தமல்லி பஸ். வழியெல்லாம் நின்றுகொண்டே. பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய மருந்துக் கடை. சீட்டைப் படித்ததும் கடைக்காரர் ஒரு நொடி தயங்கினார். உள்ளே போய்ச் சின்ன அட்டைப்பெட்டியுடன் வந்தார்.

"இது ஒருத்தருக்காக வரவழச்சதும்மா."

"அவங்களுக்கு வேணுமே."

"இனிமே வேணாம். நேத்து அவங்க ஊட்டுக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாரு." பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்தார். "தேதி நல்லாத்தான் கீது. எடுத்துக்கினு போ."

எடுக்கத் தயக்கம். எடுத்தேன். முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு என்ன வயதோ. திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன், பையில் போட மனம் வரவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

ஆடி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலிருந்து. தலை வலிக்கிறது.

சேகரிடம் சொன்னேன். பெட்டியைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது மட்டும் இழுக்காதுன்னு எவன் சொன்னான்?"

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "இழுத்தா?" என்றான்.

"மாத்து ஊசி இருக்குன்னு இப்போ தெரியுமே. டாக்டர் பக்கத்துலயே இருப்பாங்க."

 சமையல்கட்டிலிருந்து அம்மா வந்தாள். அன்றைக்கு அப்புறம் இன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் வரேன். இழுத்தா நான் புட்ச்சிக்கிறேன்" என்றாள்.

சேகர் பெட்டியை என்னிடம் நீட்டினான். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 19, புதன்

மூன்று பேரும் போனோம். ரயிலில் சேகர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டான், இறங்கவில்லை.

டாக்டரம்மா முதலில் புது ஊசியை மெதுவாக நரம்பில் ஏற்றினார். பிறகு ஒவ்வொன்றாக மருந்து. சிவப்பு மருந்து குழாயில் இறங்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா அவன் தாடையை உள்ளங்கையில் ஏந்தியபடி நின்றாள். உட்காருங்கம்மா என்று நர்ஸ் சொல்லியும் உட்காரவில்லை.

வாந்தி இல்லை. போன தடவையும் இந்த நேரத்தில் இல்லைதான். வீட்டுக்கு வந்து அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நானும் அம்மாவும்.  அம்மா, "ரசம் சோறு...?" என்று ஆரம்பித்தாள். "கேக்காதம்மா, கேட்டா வந்துடும்" என்று கத்தினான். தலைவலி என்றான். தலைவலி என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட வீடு இருக்காது.

இருட்டுகிற நேரம் அவனாகவே கொஞ்சம் மோர் குடித்தான். குமட்டல் இருக்கிறதாம், வாந்தி வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

ஜூலை 20, வியாழன்

எழுந்ததும் பார்த்தேன், பாயில் சேகர் இல்லை. பின்கட்டில் இல்லை. கக்கூஸில் இல்லை. அம்மா சுருண்டு தூங்குகிறாள்.  செருப்பு இல்லாமல் தெருவுக்கு ஓடினேன்.

அடிபம்பு வரிசையில் நிற்கிறான். வெளிறிப்போன முகம், காலி குடம், அஞ்சலையோடு சண்டை.

"ஒரு ஊட்டுக்கு எவ்ளோ கொடம்? மத்தவங்க இன்னா மனுசங்க இல்லியா?"

"நீ ஒடம்பு சரியில்லாதவனாச்சேன்னு பாக்கறேன்."

"அதெல்லாம் பாக்காதே. கொடத்த எடு."

அஞ்சலை எடுத்தாள். அவன் குடத்தை வைத்தான். நான் போய்ப் பம்பை அடித்தேன், அவனை அடிக்க விடவில்லை.

"நீ இன்னாத்துக்கு வந்தே? வேலைக்குப் போ, பஸ் போய்டும்" என்றான்.

பஸ் போய்விட்டது.