நீ கேட்ட நான்கு மணி நேரம்

சர்வர் அறைக் கதவுக்குப் பின்னால் உன் பச்சை ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது. நேற்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த ஏசி குளிருக்கு நம் இருவருக்கும் அது ஒன்றுதான் இருந்தது. நடுங்குகிறவள் முதலில் போட்டுக்கொள்வாள், மற்றவள் கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்பாள்.

நேற்று காணும் பொங்கல். கல்லூரியில் வாட்ச்மேனையும் என்னையும் தவிர யாரும் இல்லை. நான் ஏன் அங்கே போனேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு உன்னைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பதினாறு கணினிகளை ஒன்றாகக் கட்டிய கிளஸ்டர் என் பொறுப்பு. எல்லாத் துறைக்கும் பொது. வேலையைக் கொடுக்கும்போதே எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுத வேண்டும். எழுதிய நேரம் தீர்ந்தால் இயந்திரம் பாதியிலேயே அறுத்துவிடும். அந்தப் பயத்தில் நாலு மணி நேர வேலைக்கும் எல்லோரும் மூன்று நாள் என்று எழுதினார்கள். சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான்தான். நீ மட்டும் சின்னச் சின்னதாக ஓட்டிப் பார்த்து, நோட்டில் குறித்துவைத்து, நான்கு மணி நேரம் என்று எழுதினாய். பெரிய வேலைகளுக்கு நடுவே இயந்திரம் சும்மா கிடந்த சந்துகளில் உன்னுடையது நுழைந்து ஓடிவிட்டது. இவள் எப்படி முந்தினாள் என்று ஒரு பேராசிரியர் வந்து கத்த, நான் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"எனுக்கு இன்னா வேணுமோ அதத்தான் கேட்டேன். நீங்கள்லாம்தான் பஸ்ல துண்டு போட்டு வெச்சிகினு கீறீங்க" என்றாய்.

அன்றைக்குக் கோபம் வந்தது. மறுநாள் சிரிப்பு வந்தது. அந்த வாரமே டீக்கடையில் 'டி' போட்டுப் பேசத் தொடங்கிவிட்டோம்.

சாலவாக்கத்தில் உன் தெரு ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. பெருமழையில் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் உங்கள் வாசலுக்கு எத்தனை நிமிடத்தில் வரும்? அதைத்தான் நீ தேடிக்கொண்டிருந்தாய். முழு ஏரிக்குமான கடைசி ஓட்டத்தை, அதற்கும் நான்கு மணி நேரம் என்றே எழுதி, வரிசையில் வைத்த வாரம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உனக்கு முன்னால் நாற்பது வேலைகள். உன்னுடையதை மேலே ஏற்ற எனக்கு ஒரு வரி போதும். ஏற்றட்டுமா என்று போனில் கேட்டேன்.

"வேணாம்டி. அங்க நிக்கிறவங்களுக்கும் கெடு கீது. என்னுத நிறுத்தி வை, நான் வந்து பாத்துக்கிறேன்."

நிறுத்தி வைத்தேன். நீ வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நீ விடையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் புதிய இயந்திரம் வருகிறது. பழையதில் காத்திருப்பதெல்லாம் அழிந்துவிடும். உன் வேலையை விடுவிக்கலாம் என்றால் அதிலும் சிக்கல். அண்மையில் குறைவாகப் பயன்படுத்தியவருக்கே முதலிடம் என்பது எங்கள் விதி. ஒரு வருடத்துக்கு மேலாக நீ எதையுமே தொடவில்லை. விடுவித்த நொடியில் எல்லோரையும் தாண்டி முன்னால் போய் நிற்பாய், பிறகு என்னைத் திட்டுவாய். அதனால் வரிசையே இல்லாத ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன்.

"இன்னாம்மா, பண்டிகை நாள்ல வூட்டுக்குப் போவலியா?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"பிரண்டோட வேல ஒண்ணு பாக்கி கீதுண்ணா."

திரையில் பார்த்தேன், வரிசையில் யாரும் இல்லை. உன் வேலையை விடுவித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் தெருவுக்குத் தண்ணீர் வர ஐம்பது நிமிடம் ஆகுமாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறிவிடலாம். அச்சடித்து வைத்திருக்கிறேன், நாளை பஸ் ஏறி உன் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன்.

இப்போதெல்லாம் நானும் தேவையான நேரத்தை மட்டும்தான் எழுதுகிறேன். உன் வேலை மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. நீ கேட்டதில் எட்டு நிமிடம் மிச்சம். அதற்குக் காத்திருப்பவர் யாரும் இல்லாததால் நான் எடுத்துக்கொண்டேன். உன் ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்து அழுதேன். எட்டு நிமிடம் ஆனதும் எழுந்துவிட்டேன்.